குறிகாட்டுவான்

புங்குடுதீவின் மேற்குக் கரையில், நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோர் படகேறும் துறைக்குக் குறிகாட்டுவான் என்பது பெயர். குறியைக் காட்டுபவன் என அச்சொல்லைப் பிரித்து வகுப்பறையிற் பலமுறை பொருள் உரைத்திருக்கிறேன். குறி எது, அதனை யாருக்கு எதற்காகக் காட்டினான் என்று மாணவர் எவரும் என்னை வினவியதில்லை. நானும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணிப் பார்க்கச் செய்தது ஓர் ஆடி மாதத்து இரவு.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், நெடுந்தீவில் வாழும் என் தமக்கையாருக்கு இராச் சாப்பாட்டின் பின் வாய் கோணிற்று. இடக்கை சோர்ந்து வீழ்ந்தது. பாரிசவாதம் என்று அறிய வைத்தியம் கற்றிருக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு சென்றே ஆகவேண்டும் என்றனர். என் பழைய மாணவன் ஒருவன் தன் படகைக் கொண்டுவந்தான். சோளகம் சற்றுத் தணிந்திருந்தது. தமக்கையாரைப் படங்கு விரித்துக் கிடத்தி, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். புங்குடுதீவுக் கரையின் விளக்குகள் கண்ணுக்குத் தெரிந்த வேளையிற் படகு மணலில் ஏறி நின்றது. இயந்திரத்தின் விசிறி முறிந்தது. இறங்கித் தள்ளினோம். நீர் முழங்காலுக்குச் சற்று மேலே நின்றது, அவ்வளவுதான். அந்த முழங்கால் நீர் எங்களை ஒன்றரை மணி நேரம் கட்டிப் போட்டது.

தமக்கையார் பிழைத்துக்கொண்டார். ஆனால் இடக்கை மீளவில்லை. "கொஞ்சம் முந்தி வந்திருந்தால்" என்று தொடங்கிய வைத்தியர், அவ்வாக்கியத்தை முடிக்காமல் விட்டார். முடியாத அந்த வாக்கியம் என் மாணவனின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருந்தது என்பதை, ஆறு மாதங் கழித்து அவன் என் வீட்டுத் திண்ணையில் வந்து நின்றபோதுதான் அறிந்தேன். கையில் ஆங்கிலத்தில் அச்சிட்ட விளக்கத்தாள்கள் நாலைந்து இருந்தன.

"ஐயா, ஆழம் பார்க்கிற மிஷினுக்கு ஒரு டிரான்ஸ்டியூசர் வாங்கப் போறன். எதை வாங்கிறதெண்டு தெரியேல்லை. உதை ஒருக்கால் வாசித்துச் சொல்லுங்கோ" என்றான்.

தமிழ் இலக்கணம் படித்த என்னிடம் இதைக் கேட்கிறானே என்று முதலில் நகைத்தேன். பின்னர் நகைப்பு அடங்கியது. அவன் ஊர்காவற்றுறையிற் பிறந்தவன். 1991இல் அப்பகுதி மக்கள் இடம்பெயர்ந்தபோது அவனுக்கு ஐந்து வயது. தந்தையின் வள்ளத்தில் அணியத்தில் அமர்ந்து கடலைக் கற்க வேண்டிய பருவத்தை வன்னியிற் கூடாரத்தின் கீழ்க் கழித்தான். 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின் ஊர் திரும்பிச் சாதாரண தரப் பரீட்சைக்கு என்னிடம் தமிழ் படித்தான். படகோட்டக் கற்றான், கடலின் அடியைக் கற்க அவனுக்கு வாய்ப்பு இல்லாது போயிற்று. பாடம் தவறிய மாணவன் ஆசிரியனைத் தேடி வருவது முறைதானே!

இக்கடலின் அடி எத்தகையது என்பதை இங்கே சொல்ல வேண்டும். பாக்கு விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீற்றருக்கும் ஆழங் குறைந்தது. தீவுகளுக்கு இடைப்பட்ட நீரோ பல இடங்களில் ஆள் உயரமே; சில இடங்களில் அதுவும் இல்லை. ஓரிடம் சேறு, ஓரிடம் மணல், ஓரிடம் சாதாழை. நெடுந்தீவு மக்கள் வளவுக்கு மதிலாக அடுக்கியிருக்கும் அதே முருகைக்கல் கடலுக்குள்ளும் கிடக்கிறது.

இந்த ஆபத்து இன்று தோன்றியதன்று. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில், பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உளது. கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963இல் கட்டுரை வெளியிட்டார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில், அஃதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்திறங்க வேண்டும் என்பது அதிற் காணும் ஆணைகளுள் ஒன்று. யானையும் குதிரையும் ஏற்றிவரும் கலம் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவருக்கு. வேறு சரக்கு ஏற்றிவந்த கலம் உடைந்தால் இருபாலார்க்கும் சரிபாதி. கலம் உடையுமுன்னரே பங்கீட்டை வகுத்து அரசன் கல்லில் வெட்டுவித்தான் எனின், இக்கடலிற் கலம் உடைவது அருமையான நிகழ்ச்சியாய் இருந்திராது.

அக்காலந் தொட்டு மாலுமிகள் அடியை அறிந்த வழி ஒன்றே: கயிறு. இரு கைகளையும் விரித்த நீளம் ஒரு பாகம், ஏறத்தாழ ஆறடி. பாகத்துக்கு ஒரு முடிச்சிட்ட கயிற்றின் நுனியில் ஈயக்குண்டைக் கட்டி நீரில் இறக்கி முடிச்சை எண்ணுவர். மேல்நாட்டு மாலுமிகள் குண்டின் அடியிலுள்ள குழியிற் கொழுப்பைப் பூசி இறக்குவர். மேலே எடுக்கும்போது அதில் ஒட்டி வருவது மணலா சேறா என்று பார்த்து இருக்குமிடத்தை உணர்வர். ஆழங் குறைந்த எங்கள் பரவைக்கு மரக்கோலே போதுமாயிருந்தது. வள்ளத்தைத் தாங்கிச் செல்லும் கோலே அளவுகோலும் ஆயிற்று. விரைந்தோடும் இயந்திரப் படகில் நின்று கோலூன்ற முடியுமா? வேகம் வந்தபோது கோல் கையை விட்டுப் போயிற்று.

கோலுக்குப் பதிலாக ஒலியை ஊன்றலாம் என்று கண்டவர்கள் ஐரோப்பியர். 1826இல் சுவிற்சர்லாந்தின் ஜெனீவா ஏரியில், நீருக்குள் மணியடித்து, தொலைவில் நின்று கேட்டு, நீரில் ஒலி வினாடிக்கு 1,435 மீற்றர் செல்லும் என்று கொலடன், ஸ்டூர்ம் என்னும் இருவர் அளந்தனர். உப்பு நீரில் அது இன்னும் விரையும். 1,500 மீற்றர் என்று கொள்ளலாம். 1880இல் பியேர் கியூரி, சாக் கியூரி ஆகிய உடன்பிறந்தார் இருவர், சிலவகைப் படிகங்களை அழுத்தினால் மின் பிறக்கும் என்று கண்டனர். மின்னைச் செலுத்தினால் அப்படிகம் அதிரும் என்பதும் அடுத்துத் தெளிவாயிற்று. 1912இல் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியது. பனிப்பாறையை எதிரொலியால் அறிய முயன்ற ஜெர்மானியர் அலெக்சாந்தர் பேம், கடலின் அடியை அறியும் வழியைக் கண்டு 1913இல் உரிமம் பெற்றார். முதல் உலகப் போரில் நீர்மூழ்கிகளைத் தேடுதற்குப் பிரான்சின் போல் லாஞ்செவன் படிகத்தைப் பயன்படுத்தினார். 1948இல் யப்பானின் நாகசாகிப் பகுதியில் புரூனோ உடன்பிறந்தார், மீனவர் வாங்கக்கூடிய மீன்காட்டும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். போருக்குப் பிறந்த கருவி வலைக்காரன் கைக்கு வந்த வரலாறு இது.

என் மாணவன் கேட்ட டிரான்ஸ்டியூசர் இக்கருவியின் உயிர்நிலை. திரை மேலே இருக்கும். இது நீருக்குள் இருக்கும். பீங்கானை ஒத்த ஒரு சிறு வில்லை இதனுள் உண்டு. மின் வந்து தாக்க அது அதிர்ந்து ஒலியெழுப்பும். அடியிற் பட்டு மீளும் ஒலி வந்து தாக்க மின்னெழுப்பும். ஒரே உறுப்பு வாயும் செவியும் ஆகின்றது. மாணவனின் தந்தையார், எண்பது வயதுப் பெரியவர், இதனைப் பார்த்த மாத்திரத்தில் "காது" என்று பெயரிட்டார். நான் இரவெல்லாம் எண்ணிய கலைச்சொற்களிலும் அது நன்றாயிருந்தமையால், இனிச் செவி என்றே எழுதுகின்றேன். மூன்று மீற்றர் ஆழத்துக்குப் போய் மீள அவ்வொலிக்கு வேண்டிய நேரம் ஆயிரத்தில் நான்கு வினாடி. கண்ணிமைக்கும் பொழுதை மாத்திரை என்று இலக்கணிகள் வகுத்தனர். அந்த ஒரு மாத்திரைக்குள் அவ்வொலி பற்பல முறை சென்று மீளும்.

விளக்கத்தாள்களை இருவாரம் வாசித்தேன். பின்பு இருவருமாக யாழ்ப்பாண நகரில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் நல்லவர், பெரிய பெட்டி ஒன்றை எடுத்து வைத்து, "இது முந்நூறு மீற்றர் ஆழம் வரைக்கும் பார்க்கும்" என்றார். என் மாணவனின் கண்கள் விரிந்தன. "குறைந்த ஆழம் எவ்வளவு வரைக்கும் பார்க்கும்?" என்று நான் கேட்டேன். அவர் என்னை வியப்போடு நோக்கி, தாளைப் புரட்டத் தொடங்கினார்.

அந்தக் கேள்வியே இக்கட்டுரையின் நடு. அனுப்பிய ஒலியின் அதிர்வு வில்லையில் அடங்குமுன் எதிரொலி திரும்பிவிட்டால் செவிக்கு ஒன்றும் விளங்காது; பேசிக்கொண்டே கேட்பவனுக்கு விடை புரியாதவாறு போல. ஆழ்கடலில் இஃது ஒரு குறையன்று. முழங்கால் நீரில் இதுவே உயிர்க்குறை. ஆதலால் நம் கடலுக்குச் செவி வாங்குவோன், எவ்வளவு ஆழத்தை அளக்கும் என்று கேட்பதிலும், எவ்வளவு ஆழமின்மையை அளக்கும் என்று கேட்க வேண்டும். அரை மீற்றர், முக்கால் மீற்றர் வரை தெளிவாகக் காட்டுவதே எமக்கு உரியது.

அடுத்தது அதிர்வெண். வினாடிக்கு 50,000 முறை அதிர்வன உள. 2,00,000 முறை அதிர்வன உள. முதல்வகை ஒலி நெடுந்தூரம் போகும். கைவிளக்கின் ஒளி போல் அகலமாக விரியும். நூற்றுக்கணக்கான மீற்றர் ஆழத்துக்கு அது வேண்டும். இரண்டாம் வகை அவ்வளவு தூரம் போகாது. ஆனால் ஒடுங்கிச் சென்று நுட்பமாகக் காட்டும். 45 பாகை விரியும் ஒலி மூன்று மீற்றர் ஆழத்தில் இரண்டரை மீற்றர் அகலத்தைத் தழுவும். 20 பாகை விரிவது ஏறத்தாழ ஒரு மீற்றர் அகலத்தை மட்டும் பார்க்கும். கல்லையும் மணலையும் பிரித்தறிய வேண்டிய இடத்தில் ஒடுங்கிய பார்வையே நன்று. நாங்கள் 2,00,000 அதிர்வுடையதைத் தெரிந்தோம். அது விலையிலும் குறைவாயிருந்தது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் இறக்குமதிப் பொருளின் விலை ஏறிய கதையைப் படகுகாரர் எவர்க்கும் நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, படகின் உடம்பு. என் மாணவனுடையது கண்ணாடியிழைப் படகு. பின்புறத்தில் இயந்திரம் பூட்டியது. அதற்குப் பின்பலகையில் தாங்கியிட்டு மாட்டும் செவி எளிது; தட்டுப்பட்டால் மேலெழும்பும் தாங்கியாயின் உடையாமல் தப்பும். அடியில் நுரையோ பலகையோ இடைவைக்காத தனிக் கண்ணாடியிழையாயின், உட்புறமாகவே ஒட்டி அதனூடாக ஒலியை அனுப்பவும் இயலும். சிறிது வலுக் குறையும். மரவள்ளத்துக்கு இவ்வழி உதவாது. மரத்தினூடே ஒலி ஒழுங்காகச் செல்லாது. அதற்கு அடியைத் துளைத்துப் பொருத்துவதே வழி. அப்போது வெண்கலக் கூட்டையே வாங்க வேண்டும். நீரில் மரம் பருத்து நெருக்கும்போது பிளாத்திக்குக் கூடு வெடிக்கக்கூடும். அலுமினியப் படகாயின் வெண்கலம் ஆகாது. உப்பு நீரில் இரு உலோகமும் கூடினால் அலுமினியம் அரிபடும்.

நான்காவது, பொருத்தம். ஒரு கருவியின் செவி மற்றொரு கருவியிற் சேராது. அதிர்வெண்ணும் முனையின் ஊசிகளின் எண்ணும் ஒத்திருக்க வேண்டும். இதனை அறியாமல் என் மாணவன் முன்னரே ஒருவரிடம் பழைய செவி ஒன்றுக்கு முற்பணம் கொடுத்திருந்தான். போய்ப் பார்த்தோம். முனை வேறு, வடமும் நடுவில் வெட்டி ஒட்டப்பட்டிருந்தது. வெட்டிய வடத்திற் செய்தி சிதையும், உப்பீரம் புகும். முற்பணம் போயிற்று. "படிப்புச் செலவு எண்டு நினையுங்கோ" என்று அவனே என்னைத் தேற்றினான்.

வாங்கிய பின் பொருத்துவதிற் பாதி வெற்றி இருக்கின்றது. ஒலிக்கு நீர் பாதை, காற்று சுவர். விசிறி கிளப்பும் நீர்க்குமிழிகள் செவியின் முகத்தில் மோதினால் அது செவிடாகும். ஆதலால் விசிறியை விட்டு ஒரு முழத்துக்குக் குறையாமல் விலக்கி, படகின் அடிமட்டத்துக்குச் சற்றே கீழாக, நீர் ஒழுங்காக ஓடும் இடத்தில் மாட்டினோம். வடத்தை இயந்திரத்தின் மின்கம்பிகளோடு சேர்த்துக் கட்டாமல் வேறு பக்கமாக இழுத்தோம். முகத்திற் சிப்பி பற்றினால் மென்மையாகக் கழுவ வேண்டுமேயன்றிக் கத்தியாற் சுரண்டலாகாது என்பதையும் அவனுக்கு வாசித்துச் சொன்னேன்.

சோதனை நாளன்று பெரியவரும் வந்தார். மடியில் தம் பழைய கயிற்றை வைத்திருந்தார். இறங்குதுறைக்கு அப்பால் படகை நிறுத்தி ஈயத்தை இறக்கினார். ஒரு பாகமும் ஒரு முழமும், ஏறத்தாழ 2.3 மீற்றர். திரையிலோ 2.1 என்று ஒளிர்ந்தது. "காது பொய் சொல்லுது" என்றார் பெரியவர். பொய்யன்று. கயிறு நீர்மட்டத்திலிருந்து அளந்தது. செவி, நீருக்குள் 20 சென்ரிமீற்றர் கீழே இருக்கும் தன் முகத்திலிருந்து அளந்தது. இயந்திரத்தின் கால் அதற்கும் கீழே தொங்குகின்றது. அன்றிரவு மணலில் முதலிற் பட்டதும் அக்கால்தான். ஆகவே அந்த வேறுபாட்டைக் கழித்து, காலின் கீழ் எஞ்சிய நீரையே காட்டுமாறு கருவியைத் திருத்தினோம். பெரும்பாலான கருவிகளில் இதற்கு வழி உண்டு. பலர் அதனைத் தொடுவதில்லை.

பெரியவர் சிறிது நேரம் எண்களைப் பார்த்திருந்துவிட்டு, "வாத்தியார், இது நிக்கிற இடத்தைச் சொல்லுது. போற இடத்தை ஆர் சொல்லுறது?" என்றார்.

எனக்கு விடை இல்லை. கணக்கு அவர் பக்கமே நின்றது. படகு வினாடிக்கு எட்டு மீற்றர் ஓடும்போது ஆழக்குறைவு மணி ஒலித்து, நாம் அதனைக் கேட்டு, வேகத்தைத் தணிப்பதற்குள் முப்பது நாற்பது மீற்றர் கடந்துவிடுவோம். செவி காலடியைக் காட்டும், வழியைக் காட்டாது. வழி தெரிந்தவர் அதோ அணியத்தில் அமர்ந்திருக்கிறார். அவருக்கோ எண்பது வயது.

அன்று முதல் மூன்று மாதம், ஞாயிறுதோறும் அவரை ஏற்றிச் சென்றோம். அவர் கரையிலுள்ள கோபுரத்தையும் பனைக்கூட்டத்தையும் நேர்பார்த்து, "இதில் மணல் ஓடுது", "இதில் கல்லு" என்பார். மாணவனின் மகள், ஒன்பதாம் வகுப்புப் படிப்பவள், பாடக் கொப்பியிற் கோடு கிழித்து எழுதினாள்: இடம், கரைக்குறி, அடியின் தன்மை, வற்றா பெருக்கா, எத்தனை மணி, கருவி காட்டிய ஆழம். பெரியவர் சொன்ன திட்டிகளின் பெயர்களுட் சில, நான் எந்த அகராதியிலும் காணாதவை. சொல்லுக்குப் பொருள் கேட்டால் அவர் சொல்லவில்லை. படகை அங்கே கொண்டுபோகச் சொன்னார். கருவி எண்ணைக் காட்டியது. பொருள் விளங்கிற்று. சில இடங்களில் அவர் சொன்னதற்கும் எண்ணுக்கும் பொருந்தவில்லை, மணல் இடம்பெயர்ந்திருந்தது. அதனையும் அவளைக் கொண்டே எழுதுவித்தார்.

நண்பர்களே, செவி வாங்குவோர் வாங்குக. தம் கடலுக்கு ஏற்றதை வாங்குக. வாங்கிய அன்றே கொப்பி ஒன்றும் வாங்குக. கடல் தெரிந்த முதியவர் ஒருவர் இருக்கும்போதே அதனை நிரப்புக. கடையில் நாளையும் கருவி கிடைக்கும்.

சென்ற மாதம் தமக்கையாரைச் சிகிச்சைக்காக அதே படகில் அழைத்துச் சென்றேன். பொழுது சாய்ந்திருந்தது. இடக்கையை வலக்கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒளிரும் எண்களை நெடுநேரம் பார்த்தார். "தம்பி, இது அண்டைக்கு இருந்திருந்தால்?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. புங்குடுதீவின் விளக்குகள் தெரியத் தொடங்கின. அந்த இடம் நெருங்கியது. என் மாணவன் திரையைப் பார்க்கவில்லை, கரையைப் பார்த்தான். மணி ஒலிக்குமுன்பே அவன் வேகத்தைக் குறைத்திருந்தான்.